ஆடிப் பட்டத்தில் மானுக்கு ஒரு வயல்

எங்கள் ஊரில் மான் வந்தால் தகரம் தட்டுவோம். ஜவ்வாது மலை அடிவாரத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி. ஆடியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விதைத்தால், செடி நன்றாகத் தழைத்து வரும் நேரத்தில் புள்ளிமான் கூட்டம் இறங்கும். காய் பிடித்ததும் காட்டுப்பன்றி. அம்மாவின் பழைய சேலைகளை எல்லாம் கிழித்து, வரப்பு ஓரம் குச்சி நட்டு வேலி மாதிரி கட்டியிருப்போம். நடுவில் நாலு கால் ஊன்றிய பரண். அப்பாவும் நானும் விடிய விடிய அதில் உட்கார்ந்திருப்போம்.

அதனால்தான், "மானுக்குப் பயிர் வைக்கப் போறோம், நீங்களும் வாங்க" என்று என் சம்பந்தி கூப்பிட்டபோது, நான் சரியாகத்தான் கேட்டேனா என்று மகளிடம் இன்னொரு தடவை கேட்டுக்கொண்டேன்.

மகள் இருப்பது விஸ்கான்சின் மாநிலத்தில், மேடிசன் நகரில். மாப்பிள்ளை அந்த மாநிலத்துக்காரர். அவர் அப்பாவுக்கு வடக்கே ஆடம்ஸ் கவுண்டியில் நாற்பது ஏக்கர் காடு இருக்கிறது. கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. ஒரு சதுர மைலைப் பதினாறாகப் பிரித்தால் வருகிற துண்டு அது. இங்கே பலரிடம் இருக்கும் நிலம் இந்த நாற்பதின் கணக்கில்தான் இருக்கிறது. அதற்குள் சம்பந்தியின் அப்பா தன் கையால் கட்டிய ஒரு மரவீடு. கேபின் என்கிறார்கள். ஒரே கூடம், ஒரு விறகடுப்பு, மேலே படுக்க ஒரு மாடம்.

ஆகஸ்ட் 2, வெள்ளிக்கிழமை மாலை இரண்டு வண்டிகளில் கிளம்பினோம். மறுநாள் ஆடிப்பெருக்கு என்பதால் என் மனைவி எலுமிச்சை சாதமும் புளியோதரையும் கட்டி எடுத்துக்கொண்டாள்.

வழியில் பாராபூ அருகே ஒரு இடத்தில் சம்பந்தி வண்டியை நிறுத்தினார். ஆல்டோ லியோபோல்ட் என்ற பேராசிரியர் 1935-ல் இங்கே ஒரு பாழ்பட்ட பண்ணையை வாங்கினார். அதில் நின்றிருந்த கட்டடம் ஒரு கோழிக்கொட்டகை மட்டும்தான். அதையே செப்பம் செய்து, மனைவி, ஐந்து பிள்ளைகளோடு வாரக்கடைசி தோறும் வந்து தங்கி, மரம் நட்டார். முதலில் நட்ட பைன் கன்றுகள் பெரும்பாலும் 1936 வறட்சியில் காய்ந்துபோயின. அடுத்த வருஷம் மறுபடி நட்டார்கள். அதற்கடுத்த வருஷமும். 1948 ஏப்ரலில் பக்கத்து நிலத்தில் பிடித்த தீயை அணைக்கப் போனவர் அங்கேயே மாரடைப்பில் இறந்தார். இன்று அந்த பைன்கள் அண்ணாந்து பார்க்கிற உயரம். விஸ்கான்சினில் மான் அளவுக்கு மீறிப் பெருகி, முளைக்கிற மரக்கன்றை எல்லாம் தின்று காட்டையே அழிக்கிறது, பெண்மானையும் வேட்டையாடித்தான் ஆகவேண்டும் என்று 1940-களில் ஊர் கோபத்துக்கு நடுவில் நின்று பேசியவரும் இவரே. சம்பந்தி இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். வீட்டுப் பெரியவரைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருந்தது.

ஃபிரெண்ட்ஷிப் என்று பெயர் கொண்ட சின்ன ஊரைத் தாண்டி மண்சாலையில் திரும்பியபோது இருட்டிவிட்டது.

காலையில் மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தேன். மண் என்று சொல்லக்கூடாது, மணல். விரலிடுக்கில் வழிகிறது. கடைசிப் பனியுகத்தில் இந்தப் பகுதி முழுக்கப் பனிப்பாறை தேக்கி வைத்த ஒரு பெரிய ஏரியாம். அணை போல நின்ற பனி உடைந்து ஏரி வடிந்தபோது அந்த வெள்ளம் அறுத்ததுதான் தெற்கே விஸ்கான்சின் டெல்ஸில் இருக்கும் பாறைப் பள்ளத்தாக்கு. ஏரியின் அடிமணல் இங்கேயே தங்கிவிட்டது. தண்ணீரும் நிற்காது, உரமும் நிற்காது. போதாததற்குப் புளிப்பு மண். மூன்று வருஷத்துக்கு முன் பரிசோதித்தபோது பி.எச். 5.2 என்று வந்ததாம். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் சுண்ணாம்பு போட்டுப் போட்டு இப்போது 6-க்குக் கொண்டுவந்திருக்கிறார். சுண்ணாம்பு போட்ட மறுவாரம் விதைத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். அது மண்ணோடு கலந்து வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகும்.

காட்டுக்கு நடுவே மூன்று வெட்டவெளிகள். முதலாவதில் குளோவர் இருந்தது. நம் ஊர்க் குதிரைமசாலுக்குச் சொந்தக்காரச் செடி. இடையிடையே சொட்டை விழுந்த இடங்களுக்கு விதை தூவினோம். பயறு இனத்துக்கு வேரில் முடிச்சு கட்டி தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நுண்ணுயிர் வேண்டும். சம்பந்தி சர்க்கரைத் தண்ணீரில் விதையை நனைத்து, அந்த நுண்ணுயிர் கலந்த கறுப்புப் பொடியைப் போட்டுப் பிசறினார். ரைசோபியம் என்ற அதே நுண்ணுயிரை எங்கள் ஊரில் ஆறின அரிசிக் கஞ்சியில் கரைப்போம். அதைச் சொன்னதும் அவர் நிறுத்திவிட்டு, கஞ்சி எவ்வளவு கெட்டியாக இருக்கவேண்டும், எத்தனை நேரம் நிழலில் காயவேண்டும் என்று துருவித் துருவிக் கேட்டார். விவசாயம் தெரிந்தவருக்கு மட்டும் வரும் கேள்விகள் அவை.

இரண்டாவது வெளியில் ஜூன் மாதம் பக்வீட் என்ற பயிரை விதைத்திருந்தார்கள். அது இடுப்புயரம் வளர்ந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. பூவை விட்டு வண்டுகளை எழுப்பிக்கொண்டே அதைச் சாய்த்து மடக்கி உழுதார்கள். தக்கைப்பூண்டை மடக்கி உழுகிறோமே, அதே பசுந்தாள் உரம்தான். இந்த வெறும் மணலில் ஈரத்தைப் பிடித்து வைக்க வேறு வழி இல்லை. அங்கே செப்டம்பர் முதல் வாரம், தொழிலாளர் தின விடுமுறையில் வந்து ரை தானியம் விதைப்பார்கள். குளிரிலும் பச்சை விடாத பயிர் அது. பனி உருகியதும் முதலில் தலைகாட்டுவதும் அதுதான்.

மூன்றாவதுதான் அன்றைய வேலை. ஐம்பது சென்ட். இரண்டு வாரத்துக்கு முன்பே உழுது போட்டிருந்தார்கள். டர்னிப்பும் முள்ளங்கியும் விதைக்கவேண்டும். இந்த ஊரில் அதற்கு ஜூலைக் கடைசி, ஆகஸ்ட் தொடக்கம்தான் பருவம். முந்தினால் கிழங்கு முற்றிவிடும், பிந்தினால் பனிக்கு முன் இலை தேறாது. ஆடிப் பட்டம் தேடி விதை என்று எங்கள் ஊரில் சொல்வோம் என்றேன். மகள் அதை மொழிபெயர்த்துச் சொன்னாள். உலகத்தின் மறுபக்கத்தில், பனிக்காக விதைக்கும் ஒரு பயிருக்கும் அதே பட்டம் அமைந்திருந்தது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

முதலில் காம்ப்ளக்ஸ் உரம். பிறகு விதை. தோளில் மாட்டிக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினால் விசிறியடிக்கும் ஒரு பையை மாப்பிள்ளை வைத்திருந்தார். டர்னிப் விதை கடுகுதான். கடுகுக் குடும்பமே. ஏக்கருக்கு ஐந்து பவுண்டு என்றால் ஐம்பது சென்ட்டுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். பையின் வாய்த்திறப்பு ஒரு நூல் கூடுதலாகத் திறந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கால் பங்கு நிலம் முடியும் முன்பே விதையில் பாதிக்கு மேல் போய்விட்டது. மாப்பிள்ளை முகம் சுருங்கிப்போயிற்று. பக்கத்துக் கடை முப்பது மைல்.

எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. எள் விதைக்கிறபோது அம்மா ஒரு நாளும் வெறும் விதையைக் கையில் எடுத்ததில்லை. ஒரு பங்கு எள்ளுக்கு நாலு பங்கு காய்ந்த மணல் கலந்து, மடியில் கட்டிக்கொண்டு, வயலை நெடுக்கில் ஒருமுறை, குறுக்கில் ஒருமுறை நடப்பாள். நான் ஒரு வாளி கேட்டேன். மணலுக்கா அங்கே பஞ்சம். மிச்ச விதையை மணலோடு பிசறி, மனைவியின் துப்பட்டாவை இடுப்பில் கட்டி மடியாக்கி இறங்கினேன். நாற்பது வருஷம் கழித்து என் கை தானாக வீசியது. விரல்களுக்கு மறக்கவில்லை. நடுவில் சம்பந்தியும் பாதி வாளியை வாங்கிக்கொண்டு குறுக்குவாட்டில் நடக்க ஆரம்பித்தார். அவரும் நானும் வயல் நடுவில் ஒருவரை ஒருவர் கடந்து போனோம்.

விதை கால் அங்குலத்துக்குக் கீழே போகக்கூடாது. அதனால் மூட உழுவதில்லை, உருளை ஓட்டி அழுத்துவதோடு சரி. பேத்தி அந்த உருளையை இழுத்த வண்டியில் தன் அப்பா மடியில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தாள்.

மத்தியானம் ஓக் மரத்தடியில் புளியோதரை. சம்பந்தியம்மா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

அப்போதுதான் மனதில் இருந்ததைக் கேட்டேன். இத்தனை பாடு எதற்கு, இரண்டு மூட்டை மக்காச்சோளத்தைக் கொட்டினால் மான் வராதா? வரும், ஆனால் இந்தக் கவுண்டியில் அது சட்டப்படி குற்றம் என்றார். மானின் மூளையைத் தாக்கி, உடம்பு எலும்பும் தோலுமாக இளைத்துச் சாகவைக்கும் ஒரு நோய் இருக்கிறது. க்ரானிக் வேஸ்டிங் டிசீஸ். 1967-ல் கொலராடோவில் கூண்டில் வைத்திருந்த மான்களில் முதலில் பார்த்தார்கள். 2002-ல் விஸ்கான்சினில் கண்டுபிடிக்கப்பட்டது. கிருமி கூட இல்லை, உருக்குலைந்த ஒரு புரதம். எச்சிலிலும் மூத்திரத்திலும் பரவும், மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும், மருந்தில்லை. ஒரே குவியலில் பத்து மான் மூக்கை வைத்தால் என்ன ஆகும்? விதைத்து வளர்க்கும் பயிருக்குத் தடை இல்லை. ஆனாலும் வயலும் மானை ஓரிடத்தில் சேர்க்கத்தான் செய்கிறது, அந்தக் கவலை தனக்கு உண்டு, அதனால்தான் ஒரே வெளியாக இல்லாமல் மூன்றாகத் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறேன் என்றார்.

அடுத்ததை அவரே சொன்னார். நவம்பரில், நன்றி நவிலும் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் துப்பாக்கி வேட்டை. மாநிலம் முழுக்க ஐந்து லட்சம் பேருக்கு மேல் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு காட்டுக்குள் போவார்கள். பனி பட்டு டர்னிப் இலை இனித்திருக்கும் நேரம். இந்த வயல்களுக்கு வரும் மானில் இரண்டை அவர் எடுப்பார். பரிசோதனைக்குத் தலையைக் கொடுத்து, நோயில்லை என்று சீட்டு வந்த பிறகுதான் இறைச்சி வீட்டுக்குள் வரும். மிச்சமுள்ள மான்கள் மார்ச் வரை ரையையும் குளோவரையும் மேயும்.

என் மனைவி சைவம். சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். நான் அசைவம்தான், ஆனாலும் விதைத்த கையின் ஈரம் காயும் முன் இதைக் கேட்பது சுலபமாக இல்லை. இதை மானுக்கு இடும் தானம் என்று அவர் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு அவர்மேல் மதிப்பு குறைந்திருக்கும். கடைத் தட்டில் பிளாஸ்டிக் சுற்றிய கறியை வாங்கும் எனக்கு, தான் தின்னும் உயிர் என்ன மேய்ந்தது, எந்த மண்ணில் மேய்ந்தது என்று வேர் வரைக்கும் தெரிந்த ஒருவரைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. மனைவி அப்படி நினைக்கவில்லை. அவள் நினைப்பதும் எனக்குப் புரிகிறது.

சாயங்காலம் வயல் ஓரத்துப் பரணில் பேத்தியோடு ஏறினேன். பரண் என்றுதான் என் வாயில் வருகிறது. ஏணி, பலகை, மேலே ஒரு கூரை, எல்லாம் எங்கள் ஊர்ப் பரணே. அதில் மானை விரட்ட உட்காருவோம், இதில் வரட்டும் என்று உட்காருகிறார்கள். அவளுக்கு வள்ளி கதை சொன்னேன். மான் வயிற்றில் பிறந்து, வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் கிடந்து, குறவர் வீட்டில் வளர்ந்து, தினைப்புனத்துப் பரணில் நின்று ஆலோலம் பாடிப் பறவை விரட்டிய பெண். பேத்தி கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"தாத்தா, அவங்க அம்மா மான் சாப்பிட வந்தா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த நேரத்துக்குக் குளோவர் பக்கமிருந்து ஒரு பெண்மானும் இரண்டு குட்டிகளும் வந்தன. குட்டிகளின் முதுகில் வெள்ளைப் புள்ளிகள் இன்னும் இருந்தன. இந்த இனத்துக்குக் குட்டியில் மட்டும்தான் புள்ளி, பனிக்காலத்துக்குள் மறைந்துவிடும். எனக்கு அவை எங்கள் ஊர் மான்களாகவே தெரிந்தன. பேத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு என் கையை இறுக்கினாள். எங்கள் வாசம் பட்டதோ என்னவோ, தாய் வாலைத் தூக்கியது. வாலின் அடிப்பக்கம் வெள்ளைக் கொடி மாதிரி ஒரு நொடி ஆடியது. அப்புறம் காடுதான் இருந்தது.

இறங்கி வந்ததும் எல்லோருக்கும் உண்ணி சோதனை. இங்கே மான் உண்ணி கடித்தால் லைம் என்ற காய்ச்சல் வரும், அலட்சியம் கூடாது. காலுறைக்குள் கால்சட்டையைச் செருகித்தான் நாள் முழுக்க நடந்தோம். அப்படியும் என் முழங்காலுக்குப் பின்னால் எள்ளளவில் ஒன்று ஊர்ந்தது. கடிப்பதற்குள் சம்பந்தியம்மா இடுக்கியால் எடுத்துவிட்டார்.

விடியற்காலை மழை பிடித்தது. தகரக் கூரையில் அது விழும் சத்தத்தில் விழித்துப் பார்த்தால் சம்பந்தி ஏற்கெனவே சன்னலோரம் காபியோடு நின்றுகொண்டிருந்தார். கனமழை என்றால் விதை அடித்துக்கொண்டு போகும். அது தூறலாகவே ஒரு மணி நேரம் பெய்தது. இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

வியாழக்கிழமை வேறு வேலையாக அவர் அங்கே போனபோது இரண்டு படங்கள் அனுப்பினார். முதல் படத்தில், கருவி விசிறிய பக்கம் விதை கொத்துக் கொத்தாக முளைத்து ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டிருந்தது. மணலில் கலந்து வீசிய பக்கம் சாணகலம் விட்டு ஒன்று, இரட்டை இலையோடு ஒரே சீராக. அடுத்த வருஷத்துக்கு எத்தனை வாளி மணல் வேண்டும் என்று கேட்டிருந்தார். இரண்டாவது படத்தை மனைவிதான் பெரிதாக்கிக் காட்டினாள். ஈர மணலில், முளைகளுக்கு நடுவில், பிளந்த குளம்பின் தடம் ஒன்று. பக்கத்திலேயே சின்னதாக இன்னொன்று.