சைக்காலஜிஸ்ட் ஆக வேண்டுமா? பதிவு எண்ணிலிருந்து திட்டமிடுங்கள்

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, சைக்காலஜிக்கு எந்தக் காலேஜ் நல்லா இருக்கும்?" என்பதைத்தான். நான் கல்லூரி பெயர் எதுவும் சொல்வதில்லை. "கடைசியில உனக்கு ஆர்.சி.ஐ. பதிவு எண் வேணுமா, வேணாமா?" என்று திருப்பிக் கேட்பேன். இதற்குப் பதில் தெரியாமல் கல்லூரி தேடுகிறவர்களுக்கு, ஐந்து வருடம் படித்து முடித்த பிறகுதான் சிக்கலே தெரியவரும்.

ஆர்.சி.ஐ. என்பது இந்திய மறுவாழ்வு கவுன்சில். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் அமைப்பு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மனநலப் பிரச்சினைகளை உளவியல் சோதனைகளாலும் பேச்சு சிகிச்சையாலும் கவனிப்பவர், என்று போர்டு மாட்ட வேண்டுமானால் அதன் மத்தியப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். பதிவு இல்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. மருந்து எழுதும் சைக்கியாட்ரிஸ்ட் வேறு, அது எம்.பி.பி.எஸ்., அப்புறம் எம்.டி. என்று போகிற வழி. வீட்டில் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு "எங்க பொண்ணு டாக்டருக்குப் படிக்குது" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவிடுவார்கள். அதை முதல் நாளே திருத்திவிடுவது நல்லது.

நான் வந்த வழி இது: மூன்று ஆண்டு இளங்கலை, இரண்டு ஆண்டு எம்.எஸ்சி., பிறகு ஆர்.சி.ஐ. அங்கீகாரம் பெற்ற துறையில் இரண்டு ஆண்டு முழுநேர எம்.ஃபில். இப்போது பிளஸ் டூ படிக்கிறவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். 2020 தேசியக் கல்விக் கொள்கை எம்.ஃபில். பட்டத்தையே எடுத்துவிட்டது. கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநலச் சமூகப்பணியான சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்குக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டுச் சேர்க்கை வரை பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. விலக்கு கொடுத்தது. அதற்கு மாற்றாக நான்கு ஆண்டு பி.எஸ்சி. ஆனர்ஸ் கிளினிக்கல் சைக்காலஜி, இரண்டு ஆண்டு எம்.ஏ. கிளினிக்கல் சைக்காலஜி என்று ஆர்.சி.ஐ. புதிய படிப்புகளைக் கொண்டுவந்திருக்கிறது. நான்கு ஆண்டு சை.டி. (Psy.D.) என்ற முனைவர் நிலைப் படிப்பும் உண்டு. அதனால் சீனியர் சொன்னார், அக்கா சொன்னார் என்று நம்பாமல், சேருகிற வருடத்தில் ஆர்.சி.ஐ. இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை நீங்களே திறந்து பாருங்கள். நிறுவனத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. அந்தப் படிப்பின் பெயரும், அங்கீகாரம் எந்த ஆண்டு வரை என்பதும் இருக்கும். இந்த மூன்றையும் சரிபார்க்க வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என்னோடு படித்த ஒரு தோழி 'எம்.எஸ்சி. கிளினிக்கல் சைக்காலஜி' என்ற பெயரைப் பார்த்து ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தாள். பெயரிலேயே கிளினிக்கல் இருக்கிறதே, லைசென்ஸ் வந்துவிடும் என்று சேர்க்கை அலுவலகத்திலும் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். பட்டம் செல்லும், யு.ஜி.சி. அங்கீகாரமும் உண்டு. ஆனால் ஆர்.சி.ஐ. அங்கீகாரம் இல்லை. அதை வைத்து அவளால் எம்.ஃபில். நுழைவுத்தேர்வு எழுத முடிந்ததே தவிர, பதிவுக்கு விண்ணப்பிக்க முடியவில்லை. யு.ஜி.சி. அங்கீகாரமும் ஆர்.சி.ஐ. அங்கீகாரமும் தனித்தனி. பிஎச்.டி. முடித்தால் பதிவு தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கும் இதே பதில்தான்: வராது. மூன்று மாதச் சான்றிதழ் வகுப்பில் சைக்காலஜிஸ்ட் ஆகலாம் என்று ஆட்டோவுக்குப் பின்னால் ஒட்டியிருப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

தொலைதூரக் கல்வி பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க நம் வீடுகளுக்கு அதுதான் வசதி. ஆனால் 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து சைக்காலஜி உள்ளிட்ட சுகாதாரம் சார்ந்த படிப்புகளை தொலைதூர, ஆன்லைன் வழியில் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது. யாராவது இப்போது புதிதாகச் சேர்க்கிறோம் என்று சொன்னால் பணம் கட்ட வேண்டாம்.

பிளஸ் டூவில் எந்த குரூப் என்பதைப் பொறுத்தவரை, வழக்கமான பி.ஏ., பி.எஸ்சி. சைக்காலஜிக்குப் பல கல்லூரிகள் எந்த குரூப்பையும் ஏற்கின்றன. எனக்கு உயிரியல் இருந்தது மூளை, நரம்பு பாடங்களில் கைகொடுத்தது, அவ்வளவுதான். உண்மையில் நம் பிள்ளைகள் திணறுவது இரண்டு இடங்களில்: புள்ளியியல், ஆங்கிலப் புத்தகம். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்து முதல் வருடம் பாடப்புத்தகத்தைத் திறந்தால் ஒரு பக்கம் தாண்ட அரை மணி நேரம் ஆகும். பரவாயில்லை, இரண்டாம் வருடத்தில் வேகம் வந்துவிடும். நான் ஒவ்வொரு அத்தியாயத்தையும் படித்துவிட்டு, அம்மாவுக்குச் சொல்வதுபோல் தமிழில் ஒரு பக்கம் எழுதிப் பார்ப்பேன். தமிழில் எழுத வராத இடம் எனக்குப் புரியாத இடம். புள்ளியியலுக்குக் குறுக்குவழி கிடையாது. டி-டெஸ்ட், அனோவா, கோரிலேஷன் கணக்குகளைக் கையால் போட்டுப் பழகுங்கள். நுழைவுத்தேர்வில் பலர் மதிப்பெண் விடுவது இங்கேதான்.

எம்.ஏ., எம்.எஸ்சி. மதிப்பெண்ணை அலட்சியம் செய்யாதீர்கள். எம்.ஃபிலுக்கு 55 சதவீதம் கேட்டார்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 50. ஒரு துறையில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இடங்கள் இருக்கும். ஆகவே பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சி சி.ஐ.பி. போன்ற மத்திய அரசு மனநல நிறுவனங்கள் என்று வெளியூர்த் தேர்வுகளையும் எழுதத்தான் வேண்டும். பெண் பிள்ளையைத் தனியாக ராஞ்சிக்கா என்று வீட்டில் கேட்பார்கள். அந்தப் பேச்சை ஹால் டிக்கெட் வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். தேர்வுக்கு, மனநோய்க் குறிகளும் நோய் வகைப்பாடும் ஆராய்ச்சி முறைகளும் உளவியல் சோதனைகளும்தான் முதுகெலும்பு. மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்.-5 2013இல் வந்தது, அதன் திருத்தப் பதிப்பு 2022இல். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐ.சி.டி.-11 நடைமுறைக்கு வந்ததும் 2022இல்தான். பழைய குறிப்புகளை வாங்கிப் படிப்பவர்கள் எந்தப் பதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நேர்முகத்தேர்வில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்டது புத்தகத்தைப் பற்றி அல்ல; நோயாளிகளைப் பார்த்திருக்கிறாயா என்பதை. இந்த விஷயத்தில் வடசென்னைக்காரர்களுக்கு வசதி அதிகம். 1794இல் தொடங்கிய அரசு மனநல மருத்துவமனை, ஊரே 'கீழ்ப்பாக்கம்' என்று சொன்னாலும், இருப்பது அயனாவரத்தில். பெரம்பூரிலிருந்து பக்கம். அண்ணா நகர் பக்கம் போனால் 1984இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு நோய்க்கான தொண்டு நிறுவனம் இருக்கிறது. கல்லூரிக் கடிதத்தோடு இன்டர்ன்ஷிப்புக்கு எழுதிக் கேளுங்கள். அது அமையாவிட்டால் சிறப்புப் பள்ளி, குடிநோய் மறுவாழ்வு மையம் எதுவானாலும் சரி. ஸ்நேகா போன்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பில் தன்னார்வலராக இருந்தால் குறுக்கிடாமல் கேட்கப் பழகிவிடுவீர்கள். வகுப்பறையில் அது வராது. "தல கிறுகிறுன்னு கீதும்மா, சோறே எறங்கல" என்று ஒருவர் சொல்லும்போது கூட இருக்கும் மாணவர்கள் விழிப்பார்கள். நீங்கள் அடுத்த கேள்விக்குப் போயிருப்பீர்கள். நம் பேச்சை மறைத்துக்கொள்ளாதீர்கள், அது அங்கே வேலைக்கு ஆகும்.

இனி பணம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படித்த பெண்களுக்குப் பட்டப்படிப்பு முடியும்வரை மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் நம் பாரதி மகளிர் கல்லூரியில்தான் அதைத் தொடங்கினார்கள். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். ஆனால் இவை இளங்கலையோடு நின்றுவிடும். கடைசிக் கட்டப் பயிற்சிதான் இடிக்கும். அது முழுநேரம், பகுதிநேர வேலைக்குக்கூட நேரம் கிடைக்காது. தனியார் பல்கலைக்கழகங்களில் கட்டணம் லட்சங்களில் போகும். அதனால் முதுகலை முடித்ததும் ஓரிரு ஆண்டுகள் வேலை பார்த்துச் சேர்த்துக்கொண்டு போவதை நான் தாமதம் என்று நினைக்கவில்லை. பள்ளியிலோ தொண்டு நிறுவனத்திலோ வேலை பார்த்தால் விண்ணப்பத்தில் எழுத அனுபவமும் கிடைக்கும். வீட்டில் "எப்பதான் சம்பாதிப்ப?" என்ற கேள்வியும் கொஞ்ச நாள் ஓயும்.

பயிற்சி முடிந்ததும் சான்றிதழ்களோடு ஆர்.சி.ஐ.க்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். எண் கைக்கு வரும்வரை விசிட்டிங் கார்டு அடிக்காதீர்கள், ரிப்போர்ட்டில் தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள். பதிவை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு ஆர்.சி.ஐ. அங்கீகரித்த தொடர்கல்வி நிகழ்ச்சிகளில் கலந்துகொண்டு புள்ளிகள் சேர்க்க வேண்டும். அந்தச் சான்றிதழ்களுக்கு முதல் வருடத்திலிருந்தே ஒரு ஃபைல் போட்டு வையுங்கள்.