எந்த ஆழத்தில் கிடந்தது?

எங்கள் ஆசிரியர் ஐயா காலமான செய்தி மெல்பர்னில் எனக்கு எட்டுவதற்குள் ஊரில் பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. பொன்விழா மலருக்கு எழுதும்படி செயலாளர் கேட்டபோது, மலேசியாவின் பேராக்கில் நம் ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் அவர் விரித்துக் காட்டிய தடித்த தொகுப்பு ஒன்றுதான் கண்முன் நின்றது.

துரை பங்களாவைக் காலி செய்தபோது தோட்ட எழுத்தரான கிராணியார் எடுத்து வைத்து ஐயாவிடம் கொடுத்த, 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' வார இதழின் 1924ஆம் ஆண்டுத் தொகுப்பு அது. ஓரங்களைக் கரையான் அரித்திருக்கும். பால் வரிசை கலைந்தபின் ஆறாம் வகுப்பினர் அதைச் சுற்றி உட்காருவோம். செப்டம்பர் 20 இதழில் இந்தியத் தொல்லியல் துறைத் தலைவர் ஜான் மார்ஷல், ஹரப்பாவிலும் மொகஞ்சதாரோவிலும் கிடைத்த முத்திரைகளைப் படங்களோடு வெளியிட்டிருந்தார். அறிஞர்கள் மட்டும் படிக்கும் ஏட்டை விட்டு, வீட்டுக் கூடத்தில் எவரும் புரட்டும் இதழில், அவற்றின் எழுத்து விளங்கவில்லை என்பதையும் மறைக்காமல் அவர் அறிவித்ததை ஐயா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அடுத்த வாரமே சேய்ஸ் என்னும் அறிஞர், ஈரானின் சூசாவில் கிடைத்தவற்றோடு இவை ஒத்திருப்பதாக எழுதினார். அக்டோபர் 4 இதழில் பிரிட்டிஷ் அருங்காட்சியக அறிஞர்கள் கேட், சிட்னி ஸ்மித் இருவரும் சுமேரியப் பொருள்களோடு ஒப்பிட்டுக் காட்டினர். இந்திய நாகரிகத்தின் தொன்மை இரண்டே வாரங்களில் கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டு வரை பின்னோக்கிப் போனது. முந்திய நூற்றாண்டில் லேயர்ட் தோண்டிய நினிவேயையும் ஸ்லீமன் தோண்டிய மைசினியையும் வாசகர் வீடுகளுக்குக் கொண்டு சேர்த்ததும் இதே இதழ்தான்.

அந்த ஆண்டு நான் ஒரு கல்லை வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். உள்ளங்கை அளவில், ஒரு முனை சாய்வாகத் தேய்ந்து வழவழத்த கரும்பச்சைக் கல். கம்பத்து (கிராமத்து) மலாய்க்காரர்கள் அத்தகைய கல்லைப் 'பத்து லிந்தார்', இடிக்கல், என்பார்கள்; அத்தகையவை கற்கால மனிதர் தீட்டிய கல்லாயுதங்கள். அப்பா அதில் பால்வெட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். சாம்பல் போட்டுத் தேய்த்து, மண் ஒரு துளியும் இல்லாமல் கழுவிக் கொண்டுபோயிருந்தேன்.

"எந்த ஆழத்தில் கிடந்தது, தம்பி? பக்கத்தில் வேறென்ன இருந்தது?"

எனக்குத் தெரியவில்லை. ஆயினும் ஆற்றங்கரை என்றும் மூன்றடி ஆழம் என்றும் சொன்னேன். ஐயா கல்லைத் தாளில் வைத்து முகப்பையும் பக்கவாட்டையும் அளந்து வரைந்தார். தைப்பிங் அரும்பொருளகத்துக்குக் கடிதமும் எழுதினார். சனிக்கிழமை வகுப்பையே ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்றபோது, இங்கே, இல்லை அங்கே என்று நான் கைகாட்டிக் கைகாட்டித் தடுமாறியதை எல்லோரும் பார்த்தனர். ஐயா திட்டவில்லை. "தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருந்தால் இந்தக் கடிதம் போயிருக்கும், தம்பி" என்று சொல்லி, அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

2012இல், கற்காலத் தடயங்கள் கிடைத்த பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்கை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்த அன்று அவரைக் கூப்பிட நினைத்தேன். ஊருக்குப் போகும்போது நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இப்போது லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இல்லை, அந்த மண்ணில் செம்பனை நிற்கிறது. கல் என்னவாயிற்று என்று அக்காவுக்கும் தெரியவில்லை.

மண்புழுவுக்காகத் தோண்டும்போது கையில் அகப்பட்டது, ஐயா. ஆற்றங்கரையிலா, லயத்து வாய்க்காலிலா என்று நினைவில்லை. ஆழமும் தெரியாது.