மூன்று தட்டும் ஒரு கிக் ஷாஃப்டும்

ஓசூரில் டூவீலர் கம்பெனிகளுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கும் சின்ன யூனிட் ஒன்றில் பிளானிங் பார்க்கிறேன். 2022-இல் முதலாளி ஒருநாள் கூப்பிட்டு, "டெக்னாலஜி எங்கேயோ போகுது, நம்ம ஆளுங்களுக்கும் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க" என்றார். நானும் ஒரு வாரம் மெனக்கெட்டு நாற்பது ஸ்லைடு போட்டேன். ஏஐ, த்ரீடி பிரிண்டிங், ஹைட்ரஜன், பிளாக்செயின் வரைக்கும் இருந்தது (கடைசலுக்கும் பிளாக்செயினுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்கே தெரியாது). எல்லோரும் தலையாட்டினார்கள், போண்டா சாப்பிட்டார்கள், மறுநாள் காலை வழக்கம்போல மெஷினை ஓட்டப் போய்விட்டார்கள். ஒருத்தர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை.

தப்பு என்னுடையதுதான். உலகம் எங்கே போகிறது என்று சொன்னேனே தவிர, அது நம் ஷாப் ஃப்ளோரில் எந்த மூலையில் வந்து இடிக்கும் என்று கேட்கவே இல்லை.

அடுத்த மாதம் ஸ்லைடே வேண்டாம் என்று விட்டுவிட்டு, நாங்கள் செய்யும் பாகங்களில் வகைக்கு ஒன்றாக எடுத்து டேபிளில் கொட்டினேன். கிக் ஷாஃப்ட் (வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்யும்போது சுற்றும் தண்டு), பிஸ்டன் பின், கிளட்ச் ஹப், பின் சக்கர ஆக்ஸில், சைடு ஸ்டாண்ட் பின், ஸ்பேசர் புஷ். பக்கத்தில் மூன்று தட்டு: எலெக்ட்ரிக் வண்டியிலும் இருக்கும், இருக்காது, தெரியாது. யாரும் பேச வேண்டாம், எடுத்துப் போட்டால் போதும் என்றேன். பிஸ்டன் பின்னும் கிளட்ச் ஹப்பும் நேராக 'இருக்காது' தட்டுக்குப் போயின. கிக் ஷாஃப்டைக் கையில் எடுத்த ஃபோர்மேன் அண்ணன் மட்டும் கொஞ்ச நேரம் அதை உருட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்போது எங்கள் ஆர்டரில் பெரிய பங்கு அதற்குத்தான், அதில் ஸ்ப்லைன் (நீளவாக்கில் பல் மாதிரி வரிகள்) போட தனி மெஷின் வாங்க கொட்டேஷன்கூட வாங்கி வைத்திருந்தோம்.

பின் ஆக்ஸில் 'இருக்கும்' தட்டில் பத்திரமாக இருந்தது, வண்டி எதுவானாலும் சக்கரம் சக்கரம்தானே. நான்தான் குட்டையைக் குழப்பினேன். 2020 ஜனவரியில் வந்த டிவிஎஸ் ஐக்யூப் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் மோட்டாரே பின் சக்கரத்துக்குள் இருக்கிறது. அந்த மாதிரி ஹப் மோட்டாரில் நடுவில் இருக்கும் ஷாஃப்ட் அப்படியே நிற்கும், வெளிக்கூடுதான் சுற்றும் என்றேன்.

"ஷாஃப்டே சுத்தாதா சார்?" என்றார் ஃபோர்மேன்.

ஆக்ஸில் 'தெரியாது' தட்டுக்கு மாறியது. அதன் பிறகு என்னால் கூட்டத்தைக் கட்டுப்படுத்த முடியவில்லை. ஏதர் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் மோட்டார் தனியாக நடுவில் இருக்கிறதே, பெல்ட்தானே சக்கரத்தைச் சுற்றுகிறது, அப்படியென்றால் மோட்டார் ஷாஃப்டும் வேண்டும், ஆக்ஸிலும் வேண்டும் என்றான் சிஎன்சி மெஷின் ஓட்டும் பையன். அவனே அந்த வண்டிதான் வைத்திருக்கிறான் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். எந்த ஷாஃப்டாக இருந்தாலும் பேரிங் உட்காரும் இடத்தை மைக்ரான் கணக்கில் கிரைண்டிங் செய்தாக வேண்டும், அந்த வேலையைத்தானே நாம் வெளியே கொடுத்துச் செய்கிறோம் என்றார் குவாலிட்டி பார்க்கும் அம்மா. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து ஸ்ப்லைன் மெஷின் கொட்டேஷனை ஓரமாக வைத்துவிட்டு, கிரைண்டிங் மெஷினுக்கு விலை கேட்கச் சொன்னார்.

அதற்காகப் பெட்ரோல் வண்டி ஆர்டரை விட்டுவிடவில்லை, இன்றைக்கும் சோறு போடுவது அதுதான். எதில் புதிதாகக் காசு போடுவது என்பது மட்டும்தான் மாறியது.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. மாதம் ஒரே ஒரு செய்தி, அதே தட்டுகள். 2025 ஏப்ரலில் சீனா சில அருமண் (ரேர் எர்த்) உலோகங்களுக்கும் அவற்றில் செய்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி லைசென்ஸ் கட்டாயம் என்று கொண்டுவந்தது, மோட்டாருக்கு வேண்டிய மேக்னெட் கிடைக்காமல் இங்கே வண்டிக் கம்பெனிகள் தவித்தன. அந்தச் செய்தியை வெட்டி போர்டில் ஒட்டி வைத்தேன். மாலை ஷிஃப்ட் முடிந்து கை துடைத்துக்கொண்டே வந்த ஃபோர்மேன் அண்ணன் அதை முழுசாகப் படித்தார்.

"மேக்னெட் இல்லாத மோட்டாரும் இருக்காமே சார், அதுல ஷாஃப்ட் சுத்துமா?"

சுத்தும்ணே என்றேன். அப்போ டிராயிங் ஒண்ணு தேடி எடுங்க என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுக்கப் போய்விட்டார்.