முதல் செட்டுக்கு 1974 டாப்ஸ்

அக்கா மகன் போன வாரம் போனில் கேட்டான். "மாமா, பழைய பேஸ்பால் கார்டு செட் ஒண்ணு முழுசா சேர்க்கணும். கையில முன்னூறு நானூறு டாலர்தான் இருக்கு, எந்த வருஷத்துல ஆரம்பிக்கலாம்?" யோசிக்கவே இல்லை, 1974 டாப்ஸ் என்று சொல்லிவிட்டேன். வருடாவருடம் வீரர்களின் படக் கார்டுகளை அச்சிடும் அமெரிக்க நிறுவனம்தான் டாப்ஸ், ஒரு வருடத்தின் எல்லாக் கார்டுகளும் சேர்ந்தது ஒரு செட். அப்புறம் காரணம் சொல்ல ஒரு மணி நேரம் ஆனது. அவனைப்போல இன்னும் யாராவது தேடிக்கொண்டிருக்கலாம் என்பதால் இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் கேள்விப்படுவது 1952 டாப்ஸைத்தான். அதில் உள்ள, மிக்கி மேண்டில் என்ற நட்சத்திர வீரரின் கார்டு ஒன்று 2022இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்தப் பக்கம் போகவே வேண்டாம். அறுபதுகளின் கார்டுகள் தனித்தனியாகப் பார்த்தால் கைக்கு எட்டுவதுபோலத்தான் இருக்கும், ஆனால் முழு செட் என்று இறங்கும்போதுதான் சிக்கல் தெரியும். அந்தக் காலத்தில் டாப்ஸ் ஒரு வருடத்தின் கார்டுகளை மொத்தமாக விடாமல், பருவம் தொடங்கும்போது ஒரு சீரிஸ், சில வாரம் கழித்து அடுத்தது என்று விட்டுக்கொண்டே போகும். கோடை முடிகிற நேரத்தில் பிள்ளைகளின் கவனம் அமெரிக்கன் ஃபுட்பால் பக்கம் திரும்பிவிடும், கடைக்காரர்களும் கடைசி சீரிஸைக் குறைவாகத்தான் வாங்குவார்கள். அதனால் செட்டின் கடைசி எண்கள் எப்போதும் அரிது. ஹை நம்பர் என்று சொல்வது இவற்றைத்தான். யார் என்றே தெரியாத ஒரு மாற்று வீரரின் கார்டுக்குக்கூட, அது ஹை நம்பர் என்பதால், நல்ல விலை சொல்வார்கள்.

எனக்கு இது அனுபவம். நான் முதலில் எடுத்தது 1972 செட், மொத்தம் 787 கார்டுகள். அந்த வண்ணங்களுக்காகவே ஆசைப்பட்டு எடுத்தேன். 656 வரை ஓரளவு சுலபமாக வந்துவிட்டது, 657இலிருந்து கடைசி சீரிஸ், அங்கே பணமும் பொறுமையும் தீர்ந்து இரண்டு வருடம் அப்படியே நின்றது. ஆல்பத்தைத் திறக்கவே மனம் வராது. முதல் செட் அப்படிப் பாதியில் நிற்கக் கூடாது.

1974இல்தான் டாப்ஸ் முதல்முறையாக 660 கார்டுகளையும் ஒரே தடவையில் நாடு முழுக்க வெளியிட்டது. ஹை நம்பர் என்ற தொல்லையே கிடையாது. சாதாரண வீரர்களின் கார்டு, நடுத்தர நிலையில் இருந்தால் போதும் என்றால், பெரும்பாலும் ஒரு டாலருக்குள் கிடைத்துவிடும். டேவ் வின்ஃபீல்டின் ரூக்கி கார்டு (ஒரு வீரருக்கு வந்த முதல் கார்டைத்தான் அப்படிச் சொல்வார்கள்), நோலன் ரயன், மைக் ஷ்மிட், இப்படிச் சிலவற்றுக்குத்தான் பணம் ஒதுக்க வேண்டும்.

ஆனால் விலைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இந்தச் செட்டின் முதல் கார்டு ஹேங்க் ஆரன். 1973 பருவம் முடிந்தபோது அவர் 713 ஹோம் ரன்னில் (கிரிக்கெட்டில் சிக்ஸர் மாதிரி) நின்றார், வெள்ளைக்கார நட்சத்திரம் பேப் ரூத்தின் பழைய சாதனை 714. அந்தக் குளிர்காலம் முழுக்க, ஒரு கறுப்பர் ரூத்தைத் தாண்டுவதா என்று அவருக்குக் கொலை மிரட்டல் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. அவர் இன்னும் தாண்டவே இல்லை, அதற்குள் டாப்ஸ் அவரைப் புதிய ஹோம் ரன் மன்னர் என்று அச்சடித்து 1ஆம் எண்ணைக் கொடுத்துவிட்டது. 1974 ஏப்ரல் 8 அன்று 715ஐ அடித்தார். அந்தக் கார்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். அடுத்த ஐந்து கார்டுகளில், 1954 முதல் 1973 வரை வந்த அவருடைய பழைய கார்டுகளைச் சின்னச் சின்னப் படங்களாகப் போட்டிருக்கிறார்கள். அவருடைய 1954 ரூக்கி கார்டை நான் வாங்கப்போவதில்லை, 2ஆம் எண்ணில் அதைப் பார்த்துக்கொள்கிறேன்.

சான் டியாகோ பாட்ரெஸ் கார்டுகளிலும் ஒரு கதை உண்டு. அந்த அணி வாஷிங்டனுக்குப் போய்விடும் என்று நம்பிச் சில கார்டுகளில் ஊர்ப் பெயரை வாஷிங்டன் என்றே அச்சடித்துவிட்டார்கள். கடைசி நேரத்தில் மெக்டொனால்ட்ஸின் ரே க்ராக் அணியை வாங்கி சான் டியாகோவிலேயே வைத்துக்கொண்டார், கார்டும் திருத்தப்பட்டது. செட் முழுமையாக இரண்டில் ஒன்று போதும், மலிவாக இருக்கும் சான் டியாகோவை எடுங்கள்.

1975 செட்டும் 660தான், பார்க்க இன்னும் அழகு. ஜார்ஜ் பிரெட், ராபின் யவுன்ட் ரூக்கிகள் இருப்பதால் விலை கூடும், வண்ண விளிம்பு சீக்கிரம் உதிர்ந்து வெள்ளை தெரியும். இரண்டாவது செட்டாக வைத்துக்கொள்ளலாம்.

வாங்கும் முறை என்று பார்த்தால், இருநூறு முந்நூறு கார்டுகளை மொத்தமாக ஒரு லாட்டில் எடுத்துவிட்டு, விட்டுப்போனதைப் பட்டியல் போட்டுத் தனித்தனியாகத் தேடுவது நல்லது. மூலை கொஞ்சம் மழுங்கியிருந்தால் பரவாயில்லை, மடிப்பு விழுந்ததையும் பேனாவால் எழுதியதையும் விட்டுவிடுங்கள். வெள்ளை விளிம்பு என்பதால் படம் ஒரு பக்கம் தள்ளி அச்சாகியிருந்தால் உடனே கண்ணை உறுத்தும், அதைக் கவனியுங்கள். கிரேடிங் செய்து, அதாவது கார்டின் நிலையைப் பார்த்து மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்தவை இந்தச் செட்டுக்குத் தேவையில்லை.

எனக்கு இதை முடிக்கப் பதினான்கு மாதம் ஆனது. ஒரு பக்கத்துக்கு ஒன்பது கார்டு வீதம் ஆல்பத்தில் எழுபத்து மூன்று பக்கம் நிரம்பும், எழுபத்து நான்காவதில் மூன்றே மூன்று கார்டுகள் இருக்கும். அந்த மூன்றாவதைச் செருகிய ராத்திரி நான் ஆல்பத்தை முதலிலிருந்து இரண்டு தடவை புரட்டினேன்.