ஷாலிமாருக்கு அரை மணி நேரம் கொடுங்கள்

1925இல் பிரெஞ்சு வாசனைக் கலைஞர் ஜாக் கெர்லைன் வெளியிட்ட ஷாலிமார் சென்ட்டைக் காகிதப் பட்டையில் ஒரு தடவை முகர்ந்துவிட்டு, "ஏதோ மருந்து வாடை" என்று வைத்துவிடாதீர்கள். அசல் மணம் இன்னும் வரவே இல்லை.

முதலில் ஏறுவது பெர்கமாட். எலுமிச்சைக் குடும்பம், கூர்மையாக அடித்துவிட்டுச் சீக்கிரம் அடங்கிவிடும். பிறகு மல்லிகை, ரோஜா, பவுடர் பூசியது போன்ற ஐரிஸ். அரை மணி கழித்துத்தான் வெனிலாவும் டோங்கா விதையும் பிசின் மணமும் லேசான புகையோடு தோலில் வந்து உட்காரும். அந்தப் புகைதான் உயிர்! அது இல்லாவிட்டால் வெறும் கேக் வாசனை. வெனிலா மணத்தைத் தரும் சாதாரண வெனிலினைவிடச் சுமார் மூன்று மடங்கு வீரியமான எத்தில் வெனிலின் இதில் இருக்கிறது. மறுநாளும் சட்டைக் காலரில் மணம் நிற்கும்.

மணிக்கட்டில் ஒன்று, கழுத்தோரம் ஒன்று, இரண்டு ஸ்ப்ரே தாராளம். வெள்ளைத் துணியில் வேண்டாம், மஞ்சள் கறை விழும்.

பாட்டிலுக்குள் நிறம் அடர்ந்தால் பயம் வேண்டாம், வெனிலின் நாளாக ஆகக் கறுக்கும். ஆனால் அடித்தவுடன் எண்ணெய்ச் சிக்கு வாடை வந்தால் வெளிச்சமும் சூடும் பட்டு, முதலில் ஏறும் மேல்மணம் கெட்டுவிட்டது என்று அர்த்தம். குளியலறையில் வைக்காமல், பெட்டியோடு அலமாரிக்குள் வையுங்கள்.