காற்றாடிமலையில் ஒரு மணிக்கல்

அப்பாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் 19 வருடம் பார்த்த வேலையும் போயிருந்தது. பக்கத்து இலையிலிருந்து பெரியப்பா சொன்னார்: "யோபுவ நெனச்சுக்கோப்பா. போனதெல்லாம் ரெட்டிப்பா வரும்."

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. பைபிளில் எல்லாவற்றையும் இழந்து, கடைசியில் இரட்டிப்பாகத் திரும்பப் பெற்றவர் யோபு. அவருடைய 7,000 ஆடு 14,000 ஆனது, சரி. செத்துப்போன பத்துப் பிள்ளைகளுக்குப் பிறகு வேறு பத்துப் பிள்ளைகள் பிறந்ததை எந்தக் கணக்கில் எழுதுவது?

அந்த எரிச்சல் தீராமல்தான் ஆடி மாதத்தில் ஒருநாள் நாகர்கோவிலுக்கு வண்டி ஏறினேன். இதே யோபு கதையைக் கேட்டு வாழ்க்கை மாறிப்போன ஒருவர் அந்தப் பக்கத்தில் இருந்தார். 1712இல் நட்டாலத்தில் நீலகண்டனாகப் பிறந்து, பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவல் பார்த்தவர். மாடுகள் செத்தன, விளைச்சல் போனது, மனிதர் ஒடிந்துபோனார். குளச்சல் போரில் 1741இல் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுப் படை அதிகாரி டி லனாய்தான் அவருக்கு யோபுவைச் சொன்னார். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். வைத்த பெயர் லாசர், தமிழில் தேவசகாயம்.

முதலில் புலியூர்க்குறிச்சி. மதம் மாறிய பிறகு அவரைக் கைதியாக இழுத்துக்கொண்டு போன வழியில் தாகம் தாங்காமல் முழங்கையால் பாறையை இடித்தார், தண்ணீர் வந்தது என்பது ஊர் நம்பிக்கை. முட்டிடிச்சான் பாறை என்றே பெயர். பாறையில் ஒரு சின்னக் குழி, அவ்வளவுதான். எனக்கு முன்னால் நின்ற ஒரு சிறுமி விரல் நுனியில் தண்ணீரைத் தொட்டு நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டு, மிச்சத்தை நாக்கில் வைத்துப் பார்த்தாள். "உப்பா இல்ல" என்று அம்மாவிடம் ஏமாற்றத்தோடு சொன்னாள். நானும் ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டேன். பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டை. உள்ளே கூரையில்லாத பழைய கோவிலில் டி லனாயின் கல்லறை, தமிழிலும் இலத்தீனிலும் எழுத்து பொறித்து. கதை சொன்னவர் அங்கே, கேட்டவரின் தண்ணீர் இங்கே.

பெருவிளையில் தேவசகாயத்தைக் கட்டிப்போட்ட வேப்பமரத்தடிக்கும், அவர் அடக்கமான கோட்டாறு சவேரியார் கோவிலுக்கும் போய்விட்டு, மதியத்துக்கு மேல் ஆரல்வாய்மொழி பஸ் பிடித்தேன். "தேவசகாயம் மவுண்ட்" என்றால் நடத்துநர் இறக்கிவிடுவார்.

காற்றாடிமலை என்று சும்மா பெயர் வைக்கவில்லை. கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று ஆளைத் தள்ளுகிறது. சுற்றிலும் காற்றாலைகள். அடிவாரக் கோவில் வியாகுல அன்னைக்கு. மகன் செத்த துக்கத்தோடு நிற்கும் தாய்க்கு. உள்ளே கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் பாறைப் பக்கம் போனேன். இங்கேதான் 1752 ஜனவரி 14 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அந்த இடத்தில் நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. யோபுவுக்கு மாடு திரும்பக் கிடைத்தது. யோபு கதையை நம்பிப் போனவருக்குக் கிடைத்தது ஓர் எருமை. அதன்மேல் பின்பக்கம் பார்க்க உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். புண்ணில் மிளகாய்ப் பொடி. இரட்டிப்பாக ஒன்றும் வரவில்லை. ஆனாலும் மரத்தில் கட்டிக் கிடந்த அந்த ஆளிடம்தான் சனங்கள் ஆறுதல் தேடி வந்தார்கள் என்கிறார்கள். பைபிளில் பவுல் பிலிப்பி ஊர்க்காரர்களுக்கு எழுதிய கடிதத்தில் 'மகிழுங்கள்' என்று இரண்டு தரம் சொன்னதும் சிறையிலிருந்துதான். கோவிலில் எத்தனையோ முறை அதை வாசகமாக வாசித்திருக்கிறேன். விலங்கு மாட்டிய கை எழுதியது என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

(2022 மே 15 அன்று புனிதராக அறிவித்தபோது ரோமில் 'பிள்ளை' என்ற சாதிப் பெயரை விட்டுவிட்டார்கள். நம் ஊர் பேனர்களில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.)

மணியடிச்சான் பாறை பக்கத்தில் ஒரு பாட்டி மெழுகுதிரி ஏற்றப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். மூன்று தீக்குச்சி போனது. அப்புறம் பையிலிருந்து அடிப்பாகம் வெட்டிய தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திரியின்மேல் கவிழ்த்தார். சுடர் நிமிர்ந்து நின்றது. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அடிச்சுப் பாக்கலியா மக்களே?"

சின்னக் கல் ஒன்றை எடுத்துப் பாறையில் தட்டினேன். டொக். மற்ற பாறைகள் மாதிரியேதான் இருந்தது.

"அங்க இல்ல." கல்லை வாங்கி, ஒரு சாண் தள்ளித் தட்டினார். ணங். கோவில் மணியேதான். அந்தக் காற்றிலும் தெளிவாகக் கேட்டது.

யாருக்கு வேண்டிக்கொண்டார் என்று கேட்டேன். ஒக்கிப் புயலில் கடலுக்குப் போன மகன். உடல்கூடக் கிடைக்கவில்லையாம். என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். யோபு பேரை எடுக்க மாட்டேன் என்று மட்டும் தெரியும்.

அவரே சொன்னார்: "வீட்ல இருந்தா அழுவேன் மக்களே. இன்னைக்குக் காலைலயும் அழுதேன். இங்க வந்து இருந்தா உள்ள ஒரு குளிர்ச்சி. சிரிப்பு வருது. எதுக்குன்னு கேட்டா எனக்குத் தெரியாது. அவரு குடுக்காரு, வாங்கிக்கிடுதேன்."

கல்லை என் கையில் திணித்தார். தட்டினேன். ணங். இன்னொரு தரம். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா போன பிறகு முதல் சிரிப்பு. கண்ணிலும் ஏதோ வந்தது. காற்றில் தூசி என்று சொல்லிக்கொள்ளலாம். எவ்வளவு நேரம் அப்படித் தட்டிக்கொண்டிருந்தேனோ, பள்ளிக்கூடப் பையன்கள் நாலு பேர் வந்து "அண்ணே, எங்களுக்கும் தாங்க" என்று கேட்ட பிறகுதான் கொடுத்தேன்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது பெரியப்பாவைக் கூப்பிட்டேன்.

"எங்கப்பா இருக்க? ஒரே இரைச்சலா இருக்கு."

"காற்றாடிமலைல, பெரியப்பா. உங்களுக்குப் புலியூர்க்குறிச்சி தண்ணி எடுத்து வெச்சிருக்கேன்."

"என்னது? கேக்கல."

"தண்ணி, பெரியப்பா, தண்ணி!" என்று கத்தினேன். பஸ் வந்துவிட்டது.