தேய்ந்த பிட்

"அக்கா, சுடுது!"

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள் அந்தப் பெண். தீபாவளி வாரம், எங்கள் சாட்ஸ்வொர்த் நக அலங்காரக் கடையில் வாசல்வரை கூட்டம்.

நகத்தை அராவும் நெயில் டிரில்லை நிறுத்திப் பார்த்தேன். வேகம் குறைவாகத்தான் வைத்திருந்தேன். அதன் முனையில் சுழலும் பிட்தான் தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டது. தேய்ந்த பிட் அராவாது, உராய்ந்து சூடுதான் ஏற்றும். அராவவில்லையே என்று நம் கை தன்னையறியாமல் அழுத்தும், சூடு இன்னும் ஏறும்.

வேறு பிட் மாட்டி, ஒரே இடத்தில் நிறுத்தாமல் லேசாக நகர்த்தினேன். அவள் தோள் மெல்லத் தளர்ந்தது.

கூட்டம் குறைந்ததும் எல்லா பிட்டையும் பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, அப்புறம் கிருமிநாசினியில் ஊறவைத்தேன். இடுக்கில் தூசு இருந்தால் மருந்து அங்கே படாது.

எவ்வளவு நம்பிக்கையோடு விரலை நீட்டுகிறார்கள்!

மூன்று பிட்டுகளைக் குப்பையில் போட்டேன். போன வாரமே போட்டிருக்க வேண்டும்.